சூப்பர்ஃபெனிக்ஸ் உலையும் ஒரு குளத்துக்கான அனுமதியும்

கல்பாக்கத்தைப் பற்றி எழுதச் சொல்லி நண்பர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். எழுதலாம், ஆனால் அதற்கு முன் ஒருமுறை பிரான்சுக்குப் போய்வர வேண்டும். கல்பாக்கத்தின் முதல் அதிவேக உலை, தெற்குப் பிரான்சில் கதராஷ் என்னும் இடத்தில் இருந்த ராப்சொதி உலையை முன்மாதிரியாக வைத்துக் கட்டப்பட்டது. அதற்கான ஒப்பந்தம் 1969-இல் பிரெஞ்சு அணுசக்தி ஆணையத்துடன் ஏற்பட்டது. அந்த ராப்சொதிக்குத் தம்பி ஃபெனிக்ஸ். அவனுக்கும் தம்பியாக, ஆனால் அண்ணன்மாரைவிடப் பல மடங்கு பெரிய உருவத்தோடு பிறந்தவன்தான் சூப்பர்ஃபெனிக்ஸ். நான் சொல்லப்போவது அந்தக் கடைக்குட்டியின் கதை. உலையைப் பற்றிச் சொல்வதைவிட, அதில் எரிந்து முடிந்த எரிபொருளை எங்கே வைப்பது, யார் அனுமதியோடு வைப்பது என்பதைத்தான் அதிகம் சொல்லப்போகிறேன். பள்ளியில் பிரெஞ்சு வழியில் படித்ததால் அந்த நாட்டு அரசாணைகளை மொழிபெயர்ப்பின் துணையில்லாமல் படிக்க முடிகிறது. குமாஸ்தாவாகவே காலம் தள்ளியதால் அவற்றை ரசித்தும் படிக்க முடிகிறது. இரண்டாவது குணம் வீட்டில் யாருக்கும் பிடிப்பதில்லை.

லியோனிலிருந்து கிழக்கே, ரோன் நதிக்கரையில் க்ரே-மால்வில் என்று ஓர் ஊர். அங்கே 1200 மெகாவாட் அதிவேக ஈனுலை ஒன்றைக் கட்ட 1977 மே 12-ஆம் தேதி அரசாணை பிறந்தது. புதுச்சேரியில் என் வயதுக்காரர்களுக்கு 'தெக்ரே' என்றால் விளக்கம் வேண்டாம். உலைக்குச் சொந்தக்காரர் நெர்சா என்ற கம்பெனி. பிரெஞ்சு மின்வாரியமான எ.தே.எஃப். அதில் பெரும் பங்குதாரர், இத்தாலியர்களும் ஜெர்மானியர்களும் கூட்டாளிகள். ஆணை வந்த இரண்டரை மாதத்தில், ஜூலை 31-ஆம் தேதி, பல்லாயிரம் பேர் கொட்டும் மழையில் ஊர்வலம் போனார்கள். போலீசார் எறிகுண்டு வீசியதில் வித்தால் மிஷலோன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியர் இறந்துபோனார். அந்தக் காயம் கடைசிவரை ஆறவில்லை. 1982 ஜனவரியில், பாதி கட்டிய உலையின்மீது ராக்கெட் குண்டுகளையே ஏவினார்கள்.

இனி எரிபொருள் விஷயம். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், மீதிக் கதை முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது.

சாதாரண அணு உலையில் வெப்பத்தை எடுத்துச் செல்வது தண்ணீர். ஈனுலையில் அந்த வேலையை உருகிய சோடியம் செய்கிறது. சோடியம் ஓர் உலோகம். ஏறக்குறைய 98 டிகிரியில் உருகும், அதனால் உறைந்துவிடாமல் எப்போதும் சூட்டிலேயே வைத்திருக்க வேண்டும். காற்று பட்டால் தீப்பிடிக்கும், தண்ணீர் பட்டால் அதைவிட மோசம். போதாததற்கு அது கண்ணாடி போல ஒளி புகும் திரவமும் இல்லை. உள்ளே நடப்பதைக் கண்ணால் பார்க்க வழியில்லாமல், கருவிகளின் முள்ளை நம்பித்தான் வேலை செய்ய வேண்டும். எரிபொருளோ யுரேனியமும் புளூட்டோனியமும் கலந்த கலவை. உலையிலிருந்து வெளியே எடுத்த பிறகும் அது தணல் போலச் சுட்டுக்கொண்டே இருக்கும். கரியடுப்பின் தணல் ஒரு ராத்திரியில் அடங்கிவிடும், இந்தத் தணல் அடங்க வருஷக் கணக்காகும்.

சாதாரண உலையில் எரிந்த எரிபொருளை நேரே பக்கத்துத் தண்ணீர்க் குளத்தில் இறக்கிவிடலாம். சோடியத்தில் ஊறிய எரிபொருளை அப்படி இறக்க முடியாது. அதனால் சூப்பர்ஃபெனிக்ஸில் இரண்டு படி வைத்தார்கள். உலையிலிருந்து எடுத்ததும் முதலில் பக்கத்தில் உள்ள ஒரு பெரிய சோடியத் தொட்டிக்குள் வைத்து ஆறவிடுவது. ஆறிய பின் ஒட்டியிருக்கும் சோடியத்தைக் கழுவி நீக்கி, தண்ணீர்க் குளத்துக்கு மாற்றுவது. அந்தத் தொட்டிக்கு அவர்கள் வைத்த பெயர் 'பாரியே'. சின்னப் பீப்பாய் என்று பொருள். ரிவால்வரில் தோட்டாக்கள் செருகும் சுழல் உருளைக்கும் அதே பெயர்தான். எரிபொருள் கட்டுகளைத் துளைகளில் செருகிச் சுழற்றும் அமைப்பு என்பதால் பெயர் பொருத்தமாகவே இருந்தது.

குளத்துக்குத் தனிக் கட்டடம், தனி அனுமதி. அதன் பெயர் 'எரிபொருள் வெளியேற்றப் பட்டறை', பிரெஞ்சு முதலெழுத்துகளைச் சேர்த்து அப்பெக் என்பார்கள். இதற்கான அரசாணையின் தேதி 1985 ஜூலை 24. உலையில் முதல் அணுத்தொடர்வினை தொடங்கியது 1985 செப்டம்பர் 7. கணக்குப் போட்டுப் பாருங்கள். உலைக்கு அனுமதி 1977-இல், எரிந்த எரிபொருள் போய்ச்சேர வேண்டிய குளத்துக்கு அனுமதி எட்டு வருஷம் கழித்து, அடுப்புப் பற்றவைக்க ஆறு வாரம் இருக்கும்போது! கல்யாண மண்டபத்துக்கு முன்பணம் கட்டியவர்கள், பந்தி முடிந்த எச்சில் இலையை எங்கே போடுவது என்று முகூர்த்தத்துக்கு முதல்நாள் யோசித்த மாதிரி. கடைசியில் யோசித்தார்களே, அதைப் பாராட்டத்தான் வேண்டும். பின்னால் அவர்கள் கையில் மிஞ்சியது அந்தக் குளம்தான்.

1986 ஜனவரியில் மின்சாரம் வந்தது, வருஷக் கடைசியில் முழுச் சக்தியையும் தொட்டார்கள். அடுத்த மார்ச் மாதம் 8-ஆம் தேதி பாரியே தொட்டியில் கசிவு மணி அடித்தது. கருவிக் கோளாறு என்றுதான் முதலில் நினைத்தார்கள். உண்மையாகவே ஒழுகுகிறது என்று உறுதியாக ஏறக்குறைய ஒரு மாதம் ஆயிற்று. அதற்குள் சுமார் 20 டன் சோடியம் தொட்டியிலிருந்து வெளியேறி, அதைச் சுற்றியிருந்த பாதுகாப்பு உறைக்குள் சேர்ந்திருந்தது. உறை தாங்கியது, தீ இல்லை, யாருக்கும் ஆபத்தில்லை. ஆனால் தொட்டி போயிற்று. வழக்கமான துருப்பிடிக்காத எஃகை விட்டுவிட்டு வேறு வகை எஃகில் செய்திருந்தார்கள், அது சோடியத்துக்கு ஒத்துவராமல் வெடிப்பு விட்டிருந்தது. பழுது பார்க்க முடியாது என்று கைவிட்டார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, உலை நன்றாகத்தான் இருந்தது. கெட்டுப்போனது எரிந்த எரிபொருளை ஆறவைக்கும் இடம். அந்த இடம் கெட்டதும் 1200 மெகாவாட் உலை வேலையில்லாமல் உட்கார்ந்துவிட்டது. சுவாசத்துக்கு மூக்கு இருக்கிறது, ஆனால் மூச்சை வெளியே விடும் வழி அடைத்துக்கொண்டது என்றால் ஆள் எத்தனை நாள் தாங்குவான்?

புதுத் தொட்டி கட்டவில்லை. அந்த இடத்தில், எரிபொருளைச் சேர்த்து வைக்காமல் கைமாற்றி மட்டும் விடும் ஒரு நிலையத்தை அமைத்தார்கள். விளைவு, எரிந்த எரிபொருள் உலைப் பாத்திரத்துக்குள்ளேயே நீண்ட காலம் கிடந்து, சூடு போதிய அளவு தணிந்த பிறகுதான் வெளியே வரலாம். ஒரு படி குறைந்ததற்கு விலை, காத்திருக்கும் காலம். பாரியே இல்லாமலே உலையை ஓட்ட 1989 ஜனவரியில் அனுமதி கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததைக் குமாஸ்தாக்கள் மட்டுமே முழுதாக ரசிக்க முடியும். 1990 ஜூலை 3-ஆம் தேதி, சோடியத்தில் காற்று புகுந்து அசுத்தமானதால் உலையை நிறுத்தினார்கள். அந்த டிசம்பரில் பனி கனத்து டர்பைன் கூடத்தின் கூரை இடிந்து விழுந்தது. பிரெஞ்சு விதிப்படி இப்படிப்பட்ட ஒரு நிலையம் தொடர்ந்து இரண்டு வருஷம் நின்றுபோனால் பழைய அனுமதி செல்லாது, மறுபடி பொதுமக்கள் விசாரணை நடத்திப் புது ஆணை வாங்க வேண்டும். கெடு 1992 ஜூலை 3. அதற்கு நாலு நாள் முன்பு, ஜூன் 29 அன்று, பிரதமர் பெரெகொவுவா, சோடியத் தீயைத் தடுக்கும் வேலைகள் முடியட்டும், விசாரணை நடக்கட்டும் என்று மறு தொடக்கத்தை நிறுத்திவிட்டார். நாலு நாள்! ஃபைலை மேசையில் வைத்துக்கொண்டு நாட்களை எண்ணிய யாரோ ஒரு செக்ஷன் அதிகாரியை என்னால் கண்முன் பார்க்க முடிகிறது.

1993-இல் விசாரணை. விண்ணப்பத்தில் எழுதியிருந்த நோக்கம் மின்உற்பத்தி. 1994 ஜூலை 11-ஆம் தேதி வந்த ஆணையிலோ, இது இனி ஆராய்ச்சிக்கும் செயல்விளக்கத்துக்குமான உலை என்று எழுதிவிட்டார்கள். அரசியல் சமரசம். எதிர்ப்பாளர்கள் விடுவார்களா? கோன்செய் தேத்தா என்னும் உச்ச நிர்வாக மன்றத்துக்குப் போனார்கள். 1997 பிப்ரவரி 28 அன்று மன்றம் ஆணையை ரத்து செய்தது. மக்களிடம் ஒன்றைச் சொல்லிக் கருத்துக் கேட்டுவிட்டு, வேறொன்றுக்கு அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்பதுதான் சாரம். நான் வேலை பார்த்த அலுவலகத்தில் ஒரு சூப்பரின்டெண்டன்ட் இருந்தார். நோட் ஷீட்டில் 'பொருள்' என்று தலையில் எழுதியதும் கீழே போட்ட உத்தரவும் பொருந்தாவிட்டால், கையெழுத்துக்கு வந்த ஃபைலைப் பேசாமல் திருப்பி வைத்துவிடுவார். அவர் கண்ணில் அந்த 1994 ஆணை பட்டிருந்தால் ஐரோப்பாவின் மிகப்பெரிய ஈனுலை இன்னும் சில வருஷம் ஓடியிருக்குமோ என்னவோ.

இல்லை, ஓடியிருக்காது. அந்த ஜூன் மாதம் ஆட்சி மாறியது. பசுமைக் கட்சியின் ஆதரவோடு வந்த ழொஸ்பேன், ஜூன் 19 அன்று நாடாளுமன்றத்தில் சூப்பர்ஃபெனிக்ஸ் கைவிடப்படும் என்று அறிவித்தார். 1996 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் நிறுத்திய உலை மறுபடி எழவில்லை. பெயர் என்னவோ சாம்பலிலிருந்து எழும் பறவை. மூடுவதற்கான இறுதி ஆணை 1998 டிசம்பர் 30-இல் வந்தது. நெர்சா கலைந்து, எல்லாப் பொறுப்பும் எ.தே.எஃப். பெயருக்கு மாறியது.

செய்தித்தாள்கள் அத்தோடு அந்த ஊரை மறந்தன. எனக்கோ கதை அங்கேதான் தொடங்குகிறது.

உலை மூடிவிட்டது என்று ஆணை போட்டால் எரிபொருளுக்குத் தெரியுமா? அது சோடியத்தில் சுட்டுக்கொண்டே கிடக்கிறது. அதை எடுக்கும்வரை சோடியத்தை வடிக்க முடியாது. சோடியத்தை வடிக்கும்வரை அதை உறையாமல் சூடாக்கிக்கொண்டே இருக்க வேண்டும். மின்சாரம் தந்துகொண்டிருந்த நிலையம் இப்போது மின்சாரம் வாங்கும் வாடிக்கையாளர். எரிபொருளை வைக்க ஓரிடம், அனுமதியோடு, தயாராக இருந்தது. 1985-இல் ஆணை பெற்ற அந்தக் குளம். அதையும் முறைப்படி பயன்பாட்டுக்கு விடும் அனுமதி 2000 ஜூலையில்தான் வந்தது, ஆணை பிறந்து பதினைந்து வருஷம் கழித்து. எரிபொருள் கட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஈரமூட்டிய வாயுவைச் செலுத்தி ஒட்டியிருந்த சோடியத்தை மெல்ல மெல்ல அழித்து, கழுவி, தண்ணீரில் இறக்கினார்கள். இந்த வேலை 2003-இல் முடிந்தது. அடுத்த தவணைக்காகச் செய்து வைத்து ஒருநாள்கூட உலைக்குள் போகாத புத்தம்புது எரிபொருளும் அதே குளத்தில்தான் கிடக்கிறது. உலையிலிருந்த 5500 டன் சோடியத்தை நீரோடு சிறிது சிறிதாகச் சேர்த்துக் காரமாக்கி, சிமென்டில் கலந்து கட்டிகளாக வார்த்தார்கள். அந்தக் கட்டிகளையும் அடுக்கி வைத்திருப்பது அப்பெக் வளாகத்தில்.

சரி, எத்தனை நாளைக்கு?

இங்கேதான் பிரெஞ்சு மொழி நமக்கு ஒரு பாடம் நடத்துகிறது. தமிழில் 'சேமிப்பு' என்று ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். பிரெஞ்சுச் சட்டத்தில் இரண்டு சொற்கள். ஒன்று 'ஆந்த்ரபொசாழ்'. கிடங்கில் தற்காலிகமாக வைப்பது, திரும்ப எடுப்போம் என்ற எண்ணத்தோடு. இன்னொன்று 'ஸ்தொகாழ்'. இதுவே முடிவான இடம் என்று வைப்பது. பேச்சு வழக்கில் இரண்டையும் கலந்தடிப்பார்கள். ஆனால் 2006 ஜூன் 28-ஆம் தேதிச் சட்டம் இரண்டுக்கும் தனித்தனி இலக்கணம் எழுதிவிட்டது. அப்பெக் குளத்துக்குக் கிடைத்த அனுமதி முதல் வகை. வாடகை வீடு போல, குடியிருக்கலாம், சொந்தம் கொண்டாட முடியாது.

அதே சட்டத்தில் இன்னொரு ஜோடிச் சொற்களும் உண்டு. பின்னால் பயன்படுத்தும் திட்டமோ எண்ணமோ இருந்தால் அது 'பொருள்', அப்படி எதுவும் இல்லையென்றால் 'கழிவு'. குளத்தில் கிடக்கும் சூப்பர்ஃபெனிக்ஸ் எரிபொருளைப் பதிவேட்டில் 'பொருள்' என்ற பத்தியில்தான் எழுதியிருக்கிறார்கள். அதற்குள் உள்ள புளூட்டோனியத்தைப் பிரித்தெடுத்து வருங்கால ஈனுலைகளில் எரிக்கலாம் என்பது வாதம். அந்த வருங்கால ஈனுலை ஒன்றுக்கு அஸ்திரித் என்று பெயர் வைத்து வரைபடம் போட்டுக்கொண்டிருந்தார்கள். 2019-இல் அதையும் கட்டுவதில்லை என்று விட்டுவிட்டார்கள். ஆனாலும் பத்தி மாறவில்லை.

பத்தியை மாற்றினால் என்ன ஆகும்? 'கழிவு' என்று எழுதிய மறுநிமிஷமே அதற்கு முடிவான இடம் எங்கே, செலவை யார் ஒதுக்கினார்கள் என்ற கேள்விகள் வரிசையில் வந்து நிற்கும். 'பொருள்' என்று இருக்கும்வரை குளத்தில் கிடக்கலாம். இதில் பொய் என்று எதுவுமில்லை, சட்டப்படி எல்லாம் சரி. ஆனால் பல வருஷம் 'பரிசீலனையில் உள்ளது' என்று எழுதி எழுதிப் பழகிய கை என்னுடையது. 'எண்ணம் இருக்கிறது' என்ற சொல் எவ்வளவு வசதியான சொல் என்பது எனக்குத் தெரியும்.

குளத்தில் வைத்திருப்பது ஆபத்து என்று நான் சொல்லவில்லை. தண்ணீர் நல்ல காவல்காரன், சூட்டையும் வாங்கிக்கொள்ளும், கதிரையும் தடுக்கும். பத்து வருஷத்துக்கு ஒருமுறை முழுப் பாதுகாப்பு ஆய்வு நடத்தி, தொடரலாமா என்று தீர்மானிக்கிறார்கள். அனுமதி வாங்கியவர்கள் ஓய்வு பெற்றுப் போயிருப்பார்கள், ஆய்வு செய்கிறவர்கள் புது ஆட்கள். மேற்பார்வை அலுவலகத்தின் பெயர்ப்பலகையே எத்தனை முறை மாறியிருக்கிறது பாருங்கள். உலைக்கு ஆணை பிறந்தபோது அது தொழில் அமைச்சகத்தின் ஒரு சிறிய மத்தியப் பிரிவு. 1991-இல் இயக்குநரகம், 2002-இல் தலைமை இயக்குநரகம், 2006-இல் சுதந்திரமான ஆணையம். 2025 ஜனவரி முதல் ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றோடு இணைந்து மறுபடி புதுப் பெயர். ஒவ்வொரு தடவையும் முத்திரை மாறும், கடிதத்தாள் மாறும், ஃபைல் எண் மாறும். பழைய ஃபைலைப் புது எண்ணுக்கு மாற்றும்போது எத்தனை இணைப்புகள் காணாமல் போகும் என்பதை அரசு வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எரிபொருளைவிட அதன் ஃபைலைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். எந்தக் கட்டு எந்தத் துளையில் இருக்கிறது, எவ்வளவு எரிந்தது, எப்போது கழுவியது என்பதைச் சொல்லும் காகிதம், அந்தக் கட்டு இருக்கும்வரை இருக்க வேண்டும்.

இப்போது கல்பாக்கத்துக்கு வருகிறேன். சென்னைக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும்போது நாம் எல்லோரும் கடந்துபோகும் இடம். முதலில் சொன்ன சோதனை உலை 1985 அக்டோபரில் இயங்கத் தொடங்கியது, சூப்பர்ஃபெனிக்ஸுக்கு ஒரு மாதம் பின்னால். அதில் எரிந்த எரிபொருளை அங்கேயே ஒரு சிறு கூடத்தில் பிரித்தெடுத்துக் காட்டியிருக்கிறார்கள். இது சாதாரணக் காரியமில்லை. அதற்கு அடுத்ததாகக் கட்டிய 500 மெகாவாட் முன்மாதிரி ஈனுலையில், வெளியே சோடியத் தொட்டி என்ற ஏற்பாடே வேண்டாம் என்று வைத்துவிட்டார்கள். எரிந்த கட்டுகள் முதலில் உலைப் பாத்திரத்துக்குள்ளேயே ஓரமாக ஒதுக்கப்பட்டு ஆறும். பிறகு வெளியே வந்து, கழுவப்பட்டு, தண்ணீர்க் குளத்துக்குப் போகும். க்ரே-மால்வில்காரர்கள் தொட்டி ஒழுகிய பின் வேறு வழியின்றிச் செய்ததை, இங்கே வரைபடத்திலேயே செய்திருக்கிறார்கள். குளத்திலிருந்து எடுத்துப் பிரித்து மறுபடி எரிபொருளாக்கும் ஆலையும் அதே வளாகத்தில் என்பது திட்டம்.

குளத்துக்கும் ஆலைக்கும் இடையே எத்தனை வருஷம் என்பதுதான் நான் பார்த்துக்கொண்டிருக்கும் விஷயம். நம் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1983-இல் ஏற்பட்டது. அனுமதிகளைப் படிப்படியாக, இடம், கட்டுமானம், எரிபொருள் ஏற்றுதல் என்று கொடுக்கிறது. உலையில் எரிபொருள் ஏற்ற அனுமதி கொடுத்தபோது எல்லாப் பத்திரிகையிலும் படம் போட்டார்கள். எரிந்த எரிபொருள் குளத்தில் முதல் கட்டு இறங்கும் நாள் எந்தப் பத்திரிகையிலும் வராது என்று நினைக்கிறேன். வந்தால், கத்தரித்து எனக்கு ஒரு பிரதி அனுப்பி வையுங்கள். க்ரே-மால்வில் ஃபைலுக்குப் பக்கத்தில் ஒரு ஃபைல் திறந்து வைத்திருக்கிறேன், இதுவரை அதில் உறை மட்டும்தான் இருக்கிறது.